அர்ச்சுனனுக்கும் உடம்பு நடுங்கியது

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: "உனக்கு ஒன்னும் இல்ல, எல்லாம் மனசுதான்." ஒருவர் தலைவலி, வயித்துப் பிரட்டல், நெஞ்சுப் படபடப்பு என்கிறார். கிளினிக்கில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. உடனே அவர் நாடகமாடுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது நியாயமா?

1989-இல் டேவிட் வாட்சன், ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எளிதில் கவலைப்படும், எரிச்சலடையும் சுபாவம் உள்ளவர்கள் உடல் உபாதைகளை அதிகம் சொல்கிறார்கள். ஆனால் நீண்டகால உடல்நலத்தோடு அந்தச் சுபாவத்துக்கு உறுதியான தொடர்பு தெரியவில்லை. உடம்பில் நடப்பதை அவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள், அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள் என்பதே விளக்கம்.

பொறியியல் படிக்கிற எனக்கு இது சென்சார் மாதிரி தோன்றுகிறது. உணர்திறனைக் கூட்டி வைத்தால் சின்ன அதிர்வுக்கும் மணி அடிக்கும். அது பொய் சொல்லவில்லை, அதிர்வு இருந்தது. குறைத்து வைத்தால் மணியே அடிக்காது. அதற்காக இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல முடியுமா?

பேராக் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் வலியைச் சொல்லாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. அதை நாம் மனவுறுதி என்று மட்டும் புகழ்கிறோம். சொல்ல வழியில்லாமல் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு தடையும் உண்டு. மனசு சரியில்லை என்றால் போதும், "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போறியா?" என்று கிண்டல் வரும். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. ஊர்ப் பெயரே வசவாகிவிட்டால், பயத்தைப் பயம் என்று யார் சொல்வார்கள்? "நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொல்வார்கள்.

கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அர்ச்சுனன் நோயாளி இல்லை, மாவீரன். ஆனாலும் உடம்பு நடுங்குகிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. கண்ணன் முதலில் கடிந்துகொள்கிறார். அதனால் நடுக்கம் தீரவில்லை. அதன் பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. குளிரும் வெப்பமும், இன்பமும் துன்பமும் வந்து போகும், பொறுத்துக்கொள் என்கிறார். அவை இல்லை என்று சொல்லவில்லை. பதினெட்டு அத்தியாயம் வரை கூடவே இருந்து பேசுகிறார், அர்ச்சுனன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆகவே உபாதை வந்தால் முதலில் டாக்டரைப் பார்ப்போம். ஒன்றுமில்லை என்றால், அது எந்த நேரத்தில், எந்தக் கவலையோடு வருகிறது என்று கவனிப்போம். அடுத்தவர் சொன்னால், "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று உட்கார்ந்து கேட்போம். பொறுமை நமக்கு நாமே பழகிக்கொள்ள வேண்டிய குணம். வலியில் இருப்பவர் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தினால் அது தர்மம் ஆகாது.