படிக்காமல் சொன்ன ‘ஆம்’

“தெரியாமல் செய்துவிட்டேன், சாமி.” பங்குப் பணியில் இச்சொற்களைக் கேளாத குருக்கள் இரார். பெரும்பாலும் அவை பொய்யல்ல. ஆயினும் அவை முழு உண்மையுமல்ல என்பதைச் சொல்பவரே உள்ளூர உணர்ந்திருப்பார். அறியாமல் செய்த பிழைக்கு மனிதன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? இப்பழைய வினாவை 2021-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி நிகழ்ச்சி புதிய வடிவில் எழுப்பியது.

லினக்ஸ் வகை இயங்குதளங்களுள் 1993-இல் தோன்றிய டெபியனும் அதன் வழிவந்தவையும் மென்பொருள்களைப் பொதிகளாகப் பகுத்து வைத்துள்ளன. ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்து நிற்கும். அவற்றை நிறுவவும் நீக்கவும் ‘ஆப்ட்’ என்னும் கருவி உண்டு. சில பொதிகள் இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை நீக்க முற்படுவோரை ஆப்ட் எச்சரிக்கும். ‘ஆம், நான் சொல்வதுபோல் செய்’ என்னும் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுமையாகத் தட்டச்சு செய்தாலன்றி அக்காலத்தில் அது மேலே செல்லாது.

கனடா நாட்டுக் கணிப்பொறி விமர்சகர் லைனஸ் செபாஸ்டியன், 2021 நவம்பரில் வெளியான தம் காணொளியில், டெபியன் வழிவந்த ‘பாப் ஓ.எஸ்.’ தளத்தில் விளையாட்டுகளுக்கான ‘ஸ்டீம்’ மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளின் சார்புகளில் நேர்ந்திருந்த ஒரு பிழையால், ஒன்றை நிறுவப் பலவற்றை நீக்க வேண்டும் என்று ஆப்ட் முடிவு செய்தது. எச்சரிக்கை திரையில் நின்றது. அவர் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தார். சாளரங்களும் படக்குறிகளும் மறைந்தன. வெறும் எழுத்துத் திரையே எஞ்சியது. ஒன்றைப் பெற வந்தவர் உள்ளதை இழந்தார்.

இது யார் குற்றம்? 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் இதற்கு ஒரு தெளிவு தந்துள்ளார். எவ்வளவு முயன்றும் நீக்க முடியாத அறியாமை பாவமாகாது. அறிய வேண்டியதை அறிய வாய்ப்பிருந்தும் அசட்டையால் அறியாதிருப்பதோ குற்றமாகும். ஆயினும் அத்தகைய அறியாமையும், வேண்டுமென்றே தேடிக்கொண்டதாக இல்லாவிடில், செயலின் பழியைக் குறைக்கிறது. ஆகவே எச்சரிக்கையைப் படிக்காதவர் தீயவரல்லர்; முற்றிலும் குற்றமற்றவருமல்லர்.

பழி அத்துடன் முடிவதுமில்லை. சாதாரணச் செயலுக்குள் இடறுகல்லை விட்டுவைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. அதே ஆண்டில் ஆப்ட் திருத்தப்பட்டது. இன்றியமையாத பொதிகளை அவ்வாக்கியத்தைக் கொண்டு நீக்க இனி இயலாதவாறு செய்தனர். விழுந்தவனை ஏசுவதோடு நில்லாமல் வழியில் கிடந்த கல்லையும் அகற்றியது நல்ல நீதியன்றோ! தம் பிள்ளை தவறியபின் அவனை மட்டுமே குற்றம் சாட்டும் பெற்றோரும், பங்கு மக்களை மட்டுமே கடிந்துகொள்ளும் என்னைப் போன்ற குருக்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மீள்வது எங்ஙனம்? இவ்வாறு இழந்தவர் பதற்றத்தில் கண்டபடி கட்டளைகளைத் தட்டினால் சேதமே மிகும். முதலில் நிறுத்த வேண்டும். திரை இருண்டாலும் உரியவரின் கோப்புகள் பொதுவாக அழிவதில்லை. எந்நாளில், எக்கட்டளையால், எவை நீக்கப்பட்டன என்பதை ஆப்ட் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். அதைப் பொறுமையாகப் படித்து, இழந்தவற்றை ஒவ்வொன்றாக மூலக் களஞ்சியத்திலிருந்து மீண்டும் பெறலாம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இத்தகையதே. “ஏதோ தவறிவிட்டது” என்பது போதாது; எது, எப்போது, எதனால் என்று பெயரிட்டுச் சொல்லும்போதே பரிகாரத்துக்கு வழி பிறக்கிறது.

சில வேளைகளில் பழுது பார்க்கும் கருவியே அழிந்துவிடும். அப்போது அமைப்பு தன்னைத் தானே எழுப்ப இயலாது. வெளியிலிருந்து முழுமையான வேறொரு இயங்குதளத்தை ஒரு சிறு சேமிப்புக் கருவியில் கொணர்ந்து, அதன் உயிரால் கணிப்பொறியை இயக்கி, பழுதடைந்த அமைப்பினுள் நுழைந்து சீர்செய்வர். தன் முயற்சியே போதும் என்ற பெலாஜியுஸின் போதனையைப் புனித அகுஸ்தீனார் ஏன் அத்துணை உறுதியாக எதிர்த்தார் என்பது எனக்கு இங்கே எளிதாக விளங்குகிறது. முறிந்த மனத்துக்கு அருள் வெளியிலிருந்தே வரவேண்டும். ஆனால் அது பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைப்பதில்லை. உடைந்த அதனுள்ளேயே புகுந்து அதையே எழுப்புகிறது.

சிலுவையில் தொங்கிய ஆண்டவர், தாம் செய்வதை அறியாதவர்களுக்காகத் தந்தையிடம் மன்னிப்பு வேண்டினார். அறியாமைக்கு மன்னிப்பே தேவையில்லை எனில் அவர் ஏன் வேண்ட வேண்டும்? மன்னிப்புக்கு எட்டாதது எனில் எப்படி வேண்டியிருப்பார்?

திருமுழுக்கு வாக்குறுதிகளுக்கும் திருப்பலி மன்றாட்டுகளுக்கும் நாம் எத்தனை முறை ‘ஆம்’ என்றும் ‘ஆமென்’ என்றும் சொல்லியிருக்கிறோம்! அவற்றுள் எத்தனையைப் படித்துச் சொன்னோம்? அடுத்த முறை அச்சொல் நாவில் எழும்போது, ஒரு கணம் நிறுத்தி, முன்னே எழுதியிருப்பதை வாசிப்போம்.