குவேக்கர்களும் ஆள்வோரின் வாளும்

1650களில் இங்கிலாந்தில் குவேக்கர்கள் அச்சிட்டுப் பரப்பிய துண்டுப் பிரசுரங்களில் கணிசமானவை படைவீரர்களையும் ஆட்சியாளர்களையும் நேரடியாக விளித்து எழுதப்பட்டவை. போரை அறவே மறுப்பவர்கள் என்று இன்று பெயர் பெற்றுள்ள இந்தச் சமயத்தார், வாளைக் கீழே போடும்படி தொடக்கத்தில் எல்லோரையும் கேட்கவில்லை. நீதிக்காக மட்டும் அதைப் பிடியுங்கள் என்றே பெரும்பாலும் கேட்டார்கள். தாம் தொட மறுத்த ஆயுதத்தை ஆள்பவன் ஏந்தலாம் என்று எந்த அடிப்படையில் ஒப்புக்கொண்டார்கள் என்பதே இந்த எழுத்துகள் எழுப்பும் கேள்வி.

மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649இல் வெட்டப்பட்ட பிறகு நாட்டின் உண்மையான அதிகாரம் அவரை உள்நாட்டுப் போரில் தோற்கடித்த பாராளுமன்றப் படையிடம் இருந்தது. தொடக்ககாலக் குவேக்கர்களில் பலர் அந்தப் படையிலிருந்தே வந்தவர்கள். வில்லியம் டியூஸ்பரி பாராளுமன்றப் படையில் சேர்ந்து, மனம் ஒப்பாமல் விலகியவர். ஜேம்ஸ் நெய்லர் படையில் பொறுப்பு வகித்தவர். ஆகவே படைவீரனுக்கு எழுதியபோது அவர்கள் அந்நியருக்கு எழுதவில்லை. இயக்கத்தின் முதல்வரான ஜார்ஜ் ஃபாக்ஸின் நிலை வேறு. டார்பி சிறையில் இருந்தவருக்கு 1651இல் படையில் கேப்டன் பதவி தருவதாகச் சொன்னார்கள். எல்லாப் போர்களுக்கும் காரணமானதையே நீக்கிவிடும் வல்லமையில் தாம் வாழ்வதாகச் சொல்லி மறுத்தார். பலன், குற்றவாளிகளோடு நாற்றமெடுத்த நிலவறையில் அடைபட்டதுதான்.

வீரர்களுக்கு எழுதியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது லூக்கா 3ஆம் அதிகாரம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட போர்ச்சேவகர்களிடம் யோவான் ஸ்நானன் கொடுமை செய்யாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளத்தோடு திருப்தியாயிருங்கள் என்கிறார். படையை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. இதற்கு அடியில் குவேக்கர் இறையியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி இருக்கிறது. அது அவனவனுக்குக் கிடைத்த அளவில்தான் வழிகாட்டும். வாளை விடும் இடத்துக்கு ஒருவனை அந்த ஒளியே கொண்டுபோக வேண்டும்; பிரசுரம் எழுதுபவர் கட்டளையிட முடியாது. படை அதிகாரிகளுக்கோ, படையில் இருந்தபடியே இந்த ஒளிக்குக் கட்டுப்படும் வீரர்களே போதுமான தலைவலியாக இருந்தார்கள். மனிதருக்குத் தலைவணங்க மறுத்து மேலதிகாரி முன் தொப்பியைக் கழற்றாத வீரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்காட்லாந்தில் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் மங்க் 1657இல் குவேக்கர்களைப் படையிலிருந்து களையெடுத்தார்.

ஆள்வோருக்கு எழுதியபோது ரோமர் 13ஆம் அதிகாரம் முன்னுக்கு வந்தது. தீமை செய்பவனை அச்சுறுத்தவே அதிகாரி வாளை ஏந்துகிறான் என்பதை அவர்கள் ஏற்றார்கள். ஆனால் அதே வசனத்தை அளவுகோலாக்கி, நிரபராதிகளைச் சிறையில் தள்ளும் நீதிபதி தன் வாளைத் தவறாகப் பிடித்திருக்கிறான் என்று வாதிட்டார்கள். 1655இல் கைதியாக லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஃபாக்ஸ், தாம் ஆயுதம் ஏந்தப்போவதில்லை என்று அப்போது நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லுக்கு எழுத்தில் உறுதி கொடுத்தார். உறுதிமொழியோடு அறிவுரையும் சேர்ந்தே போனது. குவேக்கர் போதகர் எட்வர்ட் பரோ கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதங்களில் பணிவு இன்னும் குறைவு. தீர்க்கதரிசி மன்னனைக் கண்டிக்கும் தொனிதான் அவற்றில் ஓங்கியிருக்கும்.

இந்த பரோதான் மிகச் சங்கடமான சான்றையும் விட்டுச் சென்றவர். 1658இல் ஆங்கிலேயர் வசம் வந்த டன்கர்க் துறைமுகத்துக்கு அடுத்த ஆண்டே சக குவேக்கரான சாமுவேல் ஃபிஷரோடு போனார். அங்கிருந்த கத்தோலிக்கத் துறவிகளோடு வாதிட்டார். பிறகு ஆங்கிலப் படையினரை நோக்கி எழுதினார். கொள்ளைக்காகவும் பட்டத்துக்காகவும் போரிடுவதை அதில் கடிந்துகொள்கிறார். கூடவே, கடவுள் அவர்களுக்குப் பெரிய வேலை வைத்திருக்கலாம், ரோம் வரைக்கும் போய்ச் சிந்தப்பட்ட இரத்தத்துக்குப் பழிவாங்க நேரலாம் என்கிறார். ஃபாக்ஸும் அதே 1659இல் படை அதிகாரிகள் அவைக்கு எழுதியபோது, ரோம் வரை போகாமல் விட்டதற்காகப் படையைக் குறைசொல்கிறார். இவற்றை வெறும் உருவகம் என்று ஒதுக்கும் வாசிப்பு வலுவில்லாதது. ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்தின் அதிகாரிக்குத் தந்த வாளை, கடவுளின் பெயரால் நாட்டின் எல்லை கடந்தும் நீட்டிவிட்டார்கள் என்பதே நேர்மையான வாசிப்பு.

1660இல் முடியாட்சி திரும்பியதும் நிலைமை மாறியது. அந்த ஜூனில் குவேக்கர் இயக்கத்தின் முன்னணியில் இருந்த மார்கரெட் ஃபெல், குவேக்கர்கள் எவருக்கும் எதிராக ஆயுதம் ஏந்துபவர்கள் அல்லர் என்ற அறிக்கையை இரண்டாம் சார்லஸிடம் சேர்ப்பித்தார். 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் லண்டனில் கலகம் செய்தது. அதோடு தொடர்பே இல்லாத குவேக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். ஃபாக்ஸும் ரிச்சர்ட் ஹப்பர்தோர்னும் அவசரமாக எழுதிய மறுப்பு அச்சகத்திலேயே பறிபோக, மறுபடி எழுதிப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு ஜனவரி 21 அன்று மன்னருக்கு அளித்தார்கள். கிறிஸ்துவின் ஆவி மாறுவதில்லை. ஆகவே இன்று தீமை என்று விலக்கியதை நாளை செய்யும்படி அது ஏவாது என்பது அதன் மைய வாதம்.

உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த கொள்கை இது என்று சொல்வது எளிது. 1651இலும் 1655இலும் ஃபாக்ஸ் சொன்னவை அதற்கு இடம் தரவில்லை. ஒருவரின் மனச்சாட்சியாக இருந்தது முழுச் சமூகத்தின் கட்டுப்பாடானதுதான் 1661இன் புதுமை. ஆள்வோரின் வாள் பற்றிய கேள்வி அப்போதும் தீரவில்லை. குவேக்கர் எழுத்தாளர் ஐசக் பெனிங்டன் 1661இலேயே, அந்நியப் படையெடுப்பைத் தடுக்கும் அரசை எதிர்த்துத் தாம் பேசவில்லை என்று எழுதினார். குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்லே 1676இல் லத்தீனில் வெளியிட்ட நூலும், முழுமையான ஒளியை இன்னும் எட்டாத அரசர்கள் நியாயமான காரணத்துக்காகச் செய்யும் போரை அறவே தகாதது என்று சொல்லவில்லை. கிறிஸ்துவின் முழு வழிக்கு வந்தவர்களுக்கு மட்டும் அந்த வாசல் அடைபட்டது. நைமேகன் நகரில் சமாதானம் பேசக் கூடியிருந்த ஐரோப்பியத் தூதர்களுக்கு 1678இல் அவர் ஒரு கடிதமும் அந்த நூலின் பிரதிகளும் அனுப்பிவைத்தார்.