யாருடைய அரை நிமிடம்?

டவுன் பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு விசில் அடித்தால் எடு. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஊதாமல் நிற்கலாம்? கொஞ்ச காலமாக எனக்கு இதே யோசனை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நடந்தது சின்ன விஷயம். தென்காசி மாவட்டத்தில் ஒரு டவுன் பஸ், கடைசி டிரிப். ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது, பஸ் விலக்கோடு சரி. ஓர் ஆச்சி இறங்கினார். விலக்கில் லைட் எரியவில்லை. படியில் நின்ற கண்டக்டர், “ஆள் வருதா ஆச்சி?” என்று கேட்டார். “பேரன் வருவான். நீ போய்யா” என்றார் ஆச்சி. அவர் போகவில்லை. விசில் உதட்டில் இருந்தது. ஊதுவதற்கு இழுத்த மூச்சு கன்னத்தில் உப்பிக்கொண்டு அப்படியே நின்றது. காட்டுப் பாதையில் ஒரு செல்போன் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. “ஆச்சி” என்று குரல் கேட்ட பிறகுதான் இரண்டு விசில்.

அதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருவர், “அண்ணாச்சி, விசில அடிங்க, நேரமாகுதுல்லா” என்றார். இன்னொருவர் தனக்குத்தானே பேசுவதுபோல எல்லோர் காதிலும் விழும்படி, “ஓசி டிக்கெட்டுக்கு இவ்வளவு உபசாரம்” என்றார். கண்டக்டர் பதில் பேசவில்லை. உள்ளே வந்து டிரிப் ஷீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். நல்லது செய்துவிட்ட களை எதுவும் முகத்தில் இல்லை.

ஓசிப் பேச்சை விடலாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனதிலிருந்து அது காதுக்குப் பழகிவிட்டது. முதல் ஆள் சொன்னதுதான் குடைகிறது. அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அந்த அரை நிமிடம் கண்டக்டருடையதா? பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் ஆளுக்கு அரை நிமிடம் எடுத்து ஆச்சிக்குக் கொடுத்துவிட்டார். ஒருவரையும் கேட்கவில்லை.

முழம் போட்டு அளந்த பிறகு ஒரு விரற்கடை கூட விட்டு நறுக்கும் பூக்காரம்மாவிடம் இந்தச் சிக்கல் இல்லை. பூ அவருடையது, நஷ்டமும் அவருடையது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை யாரும் கணக்குக் கேட்க முடியாது, தேர் அவனுடையது. ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் எழுதிய ‘தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்’ என்ற புத்தகத்தை எப்போதோ பாதி படித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்குக் காசு வாங்காமல் ரத்தம் கொடுக்கும் பிரிட்டன்காரர்களையும், ரத்தத்தை விலைக்கு வாங்கிய அமெரிக்காவையும் ஒப்பிட்டிருப்பார். காசு நுழைந்தால் கொடுக்கும் மனசு வெளியேறிவிடும் என்பது அவர் கட்சி. அங்கேயும் ரத்தம் கொடுப்பவருடையதே.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் கையில் தன்னுடையது என்று என்ன இருக்கிறது? பஸ் அரசாங்கத்தினுடையது, நேரம் டைம் கீப்பருடையது. ஓட்டலில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றும் சப்ளையருக்குச் சாம்பாரும் சொந்தமில்லை, கரண்டியும் சொந்தமில்லை. வேலை நேரத்தில் இரக்கப்பட வேண்டுமென்றால் இவர்கள் அடுத்தவர் பொருளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்படி யோசித்துப் போகும்போதெல்லாம் எங்கள் ஊர் தபால்காரர் வந்து நிற்கிறார். என் ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. பம்பாயிலிருந்து மாமா அனுப்பும் மணியார்டரையும் இன்லண்டு லெட்டரையும் கொண்டுவருகிறவரே படித்தும் காட்டுவார். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, முதலில் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். அப்போது உதடு மட்டும் அசையும். அதன் பிறகுதான் சத்தம் வரும். ஒரு கார்த்திகையில், லீவு கிடைக்கவில்லையாம், பொங்கலுக்குப் பார்க்கலாமாம் என்று படித்தார். ஆச்சி மகனுக்குப் புது வேட்டி எடுத்து வைத்தாள்.

ஆச்சி போன பிறகு உத்தரத்துக் கம்பியில் குத்தியிருந்த கடிதங்களை உருவிப் படித்தேன். அந்தக் கார்த்திகைக் கடிதத்தில் லீவும் இல்லை, பொங்கலும் இல்லை. நிலத் தகராறு, கோபம், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சபதம். கடிதத்தைப் பிரிக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று 1898-ஆம் வருடத்து அஞ்சல் சட்டம் ஊழியர்களைக் கட்டுப்படுத்தியிருந்தது. மாற்றிப் படிப்பார்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

உதடு மட்டும் அசைந்த அந்த நேரமும் கன்னத்தில் நின்ற மூச்சும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. செய்ய வேண்டிய வேலை வாய்வரை வந்து நிற்கிறது, எதிரே ஒரு மனுஷி. ஆனால் ஆச்சி பொங்கலன்று பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்திருந்தால் தபால்காரரையே உட்காரவைத்து மகனைத் திட்டி நாலு வரி எழுதச் சொல்லியிருப்பாள், சண்டை அதோடு தீர்ந்தும் இருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது ஆச்சிக்குச் சேர வேண்டிய கோபத்தை. அதையும் கேட்காமல்தான் எடுத்தார்.

விதியாகவே எழுதிவிட்டால் என்ன என்றும் தோன்றும். கேரளத்தில் இரவு நேரத்தில் பெண்கள் கேட்கும் இடத்தில் அரசு பஸ்ஸை நிறுத்த உத்தரவு இருக்கிறது. நல்ல உத்தரவு. நிறுத்தச் சொல்லிவிடலாம். எதிரே வெளிச்சம் தெரியும்வரை விசில் ஊதாதே என்று எழுதினால் ஒரு பஸ்ஸும் டிப்போ போய்ச் சேராது. அதைப் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் விட வேண்டியிருக்கிறது. பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போகிறார்கள் என்ற புகாரும் நம் டவுன் பஸ்களைப் பற்றித்தான் வந்தது. ஆளைப் பார்த்து நிற்கலாம் என்று விட்டால், ஆளைப் பார்த்து நிற்காமலும் போகலாம்.

அந்த அரை நிமிடத்தில் என் பங்கும் இருந்தது. நான் முணுமுணுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். டிட்மஸ் சொன்ன ஆட்கள் தெரிந்து கை நீட்டியவர்கள். என்னிடமிருந்து எடுத்ததை நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? எடுத்தது எனக்குக் குறையாகப் படவில்லை, ஆனால் எனக்கு அன்று அவசரமும் இல்லை. நேரமாகுது என்றவர் அடுத்த ஊரில் மாற்று பஸ்ஸைத் தவறவிட்டு ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடந்திருக்கவும் கூடும். கண்டக்டர் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஏன் சரி என்று அந்த மனிதர் ஒப்புக்கொள்ளும்படி எப்படிச் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.