வீரத்தின் அளவுகோல்

வீரம் என்பது யாது? பகைவரை வீழ்த்துதல் மட்டுமோ? தன்னை நம்பி வந்தோரைக் காத்தலும் வீரமன்றோ?

சீனத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஃபூ ஹாவ் என்னும் அரசி, பெரும்படை நடத்தியவள். 1976-இல் அவளது கல்லறையை அகழ்ந்தபோது கிடைத்த போர்க்கோடரிகள் அவள் புகழுக்குச் சான்றாயின.

நம் மண்ணிலும் ஒரு படைத்தலைவி தோன்றினார். கோலாலம்பூரில் 1925-இல் பிறந்த ஜானகி, 1943-இல் நேதாஜியின் உரை கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றி ஈந்தார். தந்தையின் தயக்கத்தைக் கடந்து, பதினெட்டாம் அகவையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். வசதியாக வளர்ந்த அவர், பால்மரம் சீவிய தோட்டப் பெண்களோடு ஓரணியில் நின்றார். கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கும் உயர்ந்தார்.

அப்படை போர்முனையில் வாகை சூடவில்லை. 1945 ஏப்ரலில் ஜானகி உள்ளிட்ட வீராங்கனைகள் இரங்கூனை விட்டு, வானூர்தித் தாக்குதலுக்கு அஞ்சி இரவுகளில் நடந்து, பாங்காக் நோக்கிப் பின்வாங்கினர். வெற்றி காணாத வீரம் வீரமாகுமோ எனச் சிலர் வினவலாம். வெல்லும் படையை நடத்த ஆணை ஒன்றே போதும். பின்வாங்கும் படையைச் சிதறாது கொணர்வதற்கோ அன்பும் மனவுறுதியும் வேண்டும். தலைமையின் தரம் அங்கேதான் விளங்குகிறது.

போர் ஓய்ந்தபின் ஜானகி சோர்ந்து அமரவில்லை. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசு உருவாகத் துணைநின்றார். பின்னாளில் மேலவையிலும் பணியாற்றி, 2014-இல் மறைந்தார்.

அவர் கோடரிகளை விட்டுச் செல்லவில்லை. செமினியிலும் கிள்ளானிலும் பயிலும் மாணவியர்க்கு ஒரு கேள்வியையே விட்டுச் சென்றார்: தோல்வி சூழும் நாளில் நீ யாரைக் காத்து நிற்பாய்? வீரத்தின் அளவுகோல் அக்கேள்விக்கு நாம் தரும் விடையே.