தாய்மையின் காயமும் நமது கடனும்

தாய்மையைப் போற்றுவதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். தேவதாயின் திருநாளைத் தேரிழுத்துக் கொண்டாடுகிறோம். பெற்றவளைத் தெய்வம் என்கிறோம். ஆயினும் அந்தத் தாய் பிள்ளையைப் பெறும்போது அவளுடைய உடலில் ஏற்படும் காயத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், அதுதான் நாணம் என்கிறோம். துன்புறுகிறவளின் வாயையே அடைத்துவிடும் நாணம், இன்னும் ஒரு நற்பண்புதானா?

மதுரைக்குக் கிழக்கே, வைகைக் கரையிலுள்ள வண்டியூர் இன்று மாநகரின் ஒரு பகுதி. முன்பு அது கண்மாய்ப் பாசனம் பெற்ற வயலூர். நாற்று நட்டதும் கதிர்க்கட்டுச் சுமந்ததும் பெண்களே. இத்தகைய ஊர்களின் மூதாட்டியர், "அடி இறங்கிவிட்டது" என்று தங்களுக்குள் மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வதுண்டு. கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்கின்றன. அவை தேறுமுன் பாரம் தூக்கினால் கர்ப்பப்பை கீழே இறங்கக்கூடும். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இப்பெண்களின் அனுபவங்களைக் கேட்டு, 1999-இல் ஆய்வாக வெளியிட்டது. மருத்துவம் பெறாமலே இந்நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அதில் பேசினார்கள்.

இதனினும் கொடிய காயம் ஒன்றுண்டு. குழந்தை வெளிவர இயலாமல் பிரசவம் நாள்கணக்கில் நீளும்போது, அதன் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. இரத்தம் பாயாத தசை அழுகி ஓட்டையாகிறது. அதன்பின் சிறுநீர் ஓயாமல் கசிகிறது. நாற்றத்திற்கு அஞ்சிக் கணவனும் சுற்றத்தாரும் விலகுகிறார்கள். தமிழகத்தில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில் நிகழ்வதால், இந்த ஓட்டை இங்கு அரிதாகிவிட்டது. இறைவனுக்கு நன்றி. ஆனால் வெட்கம் அரிதாகிவிடவில்லை.

வெட்கம் உயிரையும் கொள்ளும் என்பதை நம் மண்ணே கண்டிருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்கு உதவி வேண்டி இளம்பெண் ஐடா ஸ்கடரை நாடி வந்தனர். அவரோ மருத்துவம் கல்லாதவர். மருத்துவரான அவருடைய தந்தை வர ஆயத்தமாயிருந்தும், ஆண் என்பதால் அவரை அழைக்க மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. 1900-இல் வேலூரில் அவர் பணியைத் தொடங்கினார்.

பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். துறவியர் பிரசவ மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டமே நெடுங்காலம் தடையாயிருந்தது. 1920-இல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி, அருட்சகோதரியாக மருத்துவப் பணி செய்தது திருத்தந்தையின் தனி அனுமதியால்தான். விசுவாசப் பரப்புப் பேராயம் 1936 பிப்ரவரி 11 அன்று அத்தடையை நீக்கிற்று. கற்பின் மாண்பைக் காக்க எழுந்த விதி, உயிர் காக்கும் கடமைக்குக் குறுக்கே நின்றபோது, திருச்சபை விதியைத் திருத்திக்கொண்டது. இல்லங்களில் நாம் வகுத்திருக்கும் எழுதாத விதிகளை இன்னும் திருத்தாமலிருப்பது ஏன்?

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நாமறிவோம். அவள் மறைவாகப் பின்னால் வந்து ஆடையைத் தொட்டாள், குணமடைந்தாள். அத்துடன் அவளை ஆண்டவர் அனுப்பிவிட்டிருக்கலாம். அவரோ நின்று, தொட்டது யார் என்று கேட்டு, கூட்டத்தின் நடுவே அவளைப் பேசவைத்து, மகள் என்று அழைத்தார். உடலின் சுகம் அவளுக்கு மறைவிலேயே கிடைத்துவிட்டது. ஊரார் நடுவே அவளுக்குரிய இடத்தை அவர் வெளிப்படையாக மீட்டுத் தந்தார்.

இவ்விரண்டாம் சுகமே மறுவாழ்வு. 1959-இல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற காதரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர், 1974-இல் அடிஸ் அபாபாவில் பிரசவக் காயமுற்ற பெண்களுக்கென்றே மருத்துவமனை நிறுவினர். வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே புத்தாடை உடுத்தி அனுப்புவது வழக்கம். நோயாளியாக வந்த எழுத்தறியாத மமிட்டு காஷே அங்கேயே தங்கி, அறுவை மருத்துவம் கற்று, தம்மைப்போன்ற பெண்களைக் குணமாக்குபவரானார்.

நமக்கு அத்தனை பெரிய செயல் தேவையில்லை. தொடக்க நிலையிலுள்ள கர்ப்பப்பை இறக்கத்திற்கு இடுப்புத்தசைப் பயிற்சியும், உள்ளே பொருத்தும் தாங்குவளையமும் உதவும். முற்றினால் அறுவை சிகிச்சை உண்டு. அதன்பின் பல வாரங்கள் அவள் பாரம் தூக்கலாகாது. தையல் இடுவது மருத்துவர். தண்ணீர்க்குடத்தை அவள் இடுப்பிலிருந்து இறக்கிவைக்க வேண்டியவர்கள் கணவனும் மக்களும். கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில் "ஓய்வெடு" என்று சொல்வது வெறும் வார்த்தை. அந்த வாரங்களுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுசேர்ப்பது அன்பியத்தின் கடமையாகாதா? வின்சென்ட் தே பவுல் சபையார் நினைத்தால் முடியாதா?

இதனைத் தருமம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணின் உடலைப் பிளந்துகொண்டே இவ்வுலகுக்கு வந்தோம். அவளுடைய காயத்தில் நமக்குப் பங்குண்டு. பெற்ற கடனைத் திருப்பித் தருவது நீதி. அன்னையின் திருவுருவத்துக்கு மாலை சூட்டும் கைகள், வீட்டிலிருக்கும் அன்னையிடம், "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டு, அவள் சொல்வதைக் கூசாமல் கேட்கும் செவிகளையும் பெறட்டும்.