தலைக்குள் கங்காணி இல்லை

மலேசியாவின் மம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு நடந்த காலம் உண்டு. கிராணி பெயர் கூப்பிடுவார். கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார்.

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். அங்கே பெயர் கூப்பிடவும் ஆளில்லை, வேலை பிரிக்கவும் ஆளில்லை. ஒவ்வோர் அணுவும் பெரும்பாலும் தன்னோடு இணைந்தவற்றின் சைகைக்கே பதில் சொல்கிறது. சேர்ந்து இயங்கும் அணுக்களின் பிணைப்பு இறுகுகிறது. பயன்படாத பிணைப்பு தளர்கிறது. இத்தகைய சின்னச் சின்ன விதிகளிலிருந்தே பேச்சும் நினைவும் கைத்திறனும் உருவாகின்றன.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கையிழந்தவர்களைச் சோதித்தார். கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதுபோல் சிலர் உணர்ந்தார்கள். மூளையில் கைக்கும் முகத்துக்கும் அடுத்தடுத்த இடம். கையிலிருந்து செய்தி நின்றதும், முகத்திலிருந்து வரும் செய்திகள் அந்த இடத்துக்குள்ளும் புகுந்துவிட்டன என்று அவர் விளக்கினார். யாரும் உத்தரவு போடவில்லை.

மூளை இப்படித் தன்னை மாற்றிக்கொள்ளக்கூடியது என்றாலும், “இந்த வயதில் இனி எங்கே மண்டையில் ஏறப்போகிறது?” என்று ஒதுங்குகிறோம். பிள்ளைகளைவிட மெதுவாகத்தான், ஆனாலும் ஏறும். அன்றாடம் கை எதில் பழகுகிறதோ, மனம் எதில் தங்குகிறதோ, அதற்கே மூளை இடம் விடுகிறது. புதுப் பாட்டுக்கும் விடும். புறம் பேசிப் பழகினால் அதற்கும் விடும்.