மூப்பும் பொறுமையும்

பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவை துக்கமென்று நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். இவற்றுள் மூப்பு ஒரு தனித்தன்மை உடையது. பிறப்பும் சாக்காடும் ஒரு நாளின் நிகழ்ச்சிகள். பிணி வந்து தங்கிப் பெரும்பாலும் நீங்கிவிடும். மூப்போ வந்தபின் போவதில்லை. ஆண்டுக்கணக்காக நம் இல்லத்தில் வீற்றிருக்கும். நம்முடன் கடைத்தெருவுக்கு வரும். நம் எதிரில் அமர்ந்து உணவு கொள்ளும். அரசிளங்குமரர் சித்தார்த்தர் தேரின்மீதிருந்து ஒரு முதியவரைக் கண்டு உலகத்தின் துயரை உணர்ந்தார் என்று சரிதை கூறும். அவர் கண்டது வழியில் எதிர்ப்பட்ட ஓர் அந்நியரை. நாம் காண்பதோ நம்மைப் பெற்றவரை. தூரத்தில் தோன்றும் மூப்பு ஞானத்தை எழுப்புகிறது. அருகிலிருக்கும் மூப்போ பெரும்பாலும் எரிச்சலையே எழுப்புகிறது. இஃது ஏன்? இவ்வெரிச்சலை நாம் என் செய்வது? இதுவே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பெற்றோரைப் பேணவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. சிகாலோவாத சூத்திரம் மக்கள் பெற்றோர்க்குச் செய்யவேண்டிய கடமைகளை ஐந்தாக வகுத்து, தம்மை வளர்த்தவரைத் தாம் காத்தலை முதலாவதாக வைத்தது. நம் நாட்டுப் பாராளுமன்றமும் 2007ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்பிற்கென ஒரு சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று பொருள் கூறுகிறது. முதியோரைக் கைவிட்டவர்க்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. ஆனால் காய்கறிக் கடையில் கால்மணி நேரம் முகம் சுளியாமல் நிற்கும்படி எந்தச் சட்டமும் ஒருவனைக் கட்டாயப்படுத்த இயலாது. சட்டம் முடிவுறும் அந்த இடத்திலேயே அறம் தொடங்குகிறது.

அவ்விடம் எத்தகையது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பெங்களூர்ச் சிவாஜிநகரிலாயினும், கோலார் தங்கவயலின் இராபர்ட்சன்பேட்டையிலாயினும், சந்தை நாளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வயது முதிர்ந்த தாய் ஒருவர் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். விலையைக் கேட்கிறார், மறுபடியும் கேட்கிறார், அடுத்த கடைக்குச் சென்று திரும்பி வருகிறார். பின்னால் நிற்கும் மகன் கடிகாரத்தைப் பார்க்கிறான். “ஐந்து ரூபாய்க்காகவா இவ்வளவு பேச்சு? எடுங்கள் அம்மா, போகலாம்” என்கிறான். கடைக்காரரும் அம்மையாரை விட்டுவிட்டு, “அம்மாவுக்கு எவ்வளவு வேண்டுமாம்?” என்று மகனையே வினவுகிறார். மகன் விடை கூறுகிறான். அம்மையார் கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிடுகிறார்.

உணவுச்சாலையிலும் இதுவே கதை. தந்தை விலைப்பட்டியலைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகிலும் தொலைவிலும் பிடித்துப் பார்க்கிறார். பரிமாறும் இளைஞன் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பலகாரப் பெயர்கள் அவருக்கு விளங்கவில்லை. இரண்டு இட்டலிக்கு இவ்வளவு விலையா என்று அயல்மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்கிறார். சாம்பாரில் உப்பில்லை என்கிறார். பிள்ளைகள் தலைகவிழ்கின்றனர். இனி இவரை வெளியே அழைத்து வருவதில்லை என்று உள்ளத்துள் தீர்மானம் ஒன்று நிறைவேறிவிடுகிறது.

இங்கு முதலில் வேண்டுவது அறிவு. பிடிவாதமென்று நாம் பெயரிடுவன பலவும் உடலின் மாறுதல்களே. முதுமையில் கேள்விப்புலன் குறையும்போது உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துகள் பலவற்றை வேறுபடுத்தி அறிவது அவ்வொலிகளால் ஆதலின், பேசுவது காதில் விழும், சொல் விளங்காது. பாத்திர ஓசையும் பேச்சொலியும் நிறைந்த கூடத்தில் இக்குறை பன்மடங்காகும். உரத்துக் கத்துவதால் பயனில்லை. முகத்தை நேரே பார்த்து நிதானமாகச் சொல்வதே பயன் தரும். கண்ணின் வில்லை மஞ்சளித்து, பாவையும் சுருங்குவதால், மங்கிய விளக்கில் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. மோப்பமும் சுவையும் தளர்வதால் உப்பிட்ட பண்டமும் உப்பற்றதாகத் தோன்றும். வெளியே வர மறுப்பவர் பலர் தம் மறுப்பின் காரணத்தைச் சொல்வதில்லை. அங்குக் கழிப்பிடம் எங்கே இருக்கும், படியேற வேண்டுமோ என்னும் அச்சமே காரணம். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல நாணமே தடை. பெங்களூரில் 1980ஆம் ஆண்டுகள் தொட்டுப் பெருகிய, நின்றுகொண்டே உண்ணும் தர்ஷினிகள் இளைஞர்க்கு வசதியானவை. முழங்கால் தளர்ந்தவர்க்கு அவையே சோதனைக்கூடம்.

விலையைப் பற்றிய வியப்பும் அறியாமையன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் ரூபாய் நூறு காசுகளாக வகுக்கப்பட்டது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. இன்று எண்பது வயதைக் கடந்தவர் அணாக்கணக்கில் வாய்ப்பாடு படித்தவர். பின்னர் காசுக்கணக்கைக் கற்றார். 2011இல் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமற்போனதைக் கண்டார். 2016 நவம்பரில் தாம் சேர்த்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஒரே இரவில் செல்லாததாயிற்று. இப்பொழுதோ கடைக்காரர் தாளையும் நாணயத்தையும் விடுத்து, கைப்பேசியால் படம்பிடிக்க வேண்டிய ஒரு கட்டத்தைக் காட்டுகிறார். ஒரே வாழ்நாளில் இத்தனை கணக்குகளைக் கற்றவரை நாம் கணக்கறியாதவர் என்பது எங்ஙனம் தகும்?

எனினும் அறிவு மட்டும் போதாது. காரணம் தெரிந்தவனும் எரிந்து விழுகிறான். ஆகையால் நம் மனத்தையும் ஆராய வேண்டும். “என் நேரம் வீணாகிறது” என்பதே நம் முறையீடு. நேரத்தை “என்னுடையது” என்று பற்றுவதினின்றே சினம் பிறக்கிறது. அந்தக் கால்மணி நேரத்தில் நாம் இழப்பது சிறிது. அவர் காத்துக்கொள்வதோ பெரிது.

தங்கவயலை நினைத்துப் பார்ப்போம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை உடைத்தவர் ஒருவர். அவர் கொணர்ந்த கூலியைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர் ஒருவர். எதை வாங்குவது, எதை விடுவது என்னும் தீர்ப்பே அக்குடும்பங்களை வாழ்வித்தது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மக்கள் பெங்களூருக்கு இரயிலேறினர். முதியவரிடமிருந்து தொழில் போயிற்று. வரவு செலவு பிள்ளைகள் கைக்கு மாறிற்று. வீடும் பலர்க்கு மாறிற்று. எஞ்சியிருப்பது ஒரு கத்தரிக்காய் நல்லதா, சொத்தையா என்று தீர்ப்புக் கூறும் உரிமை ஒன்றே. அதையும் ஐந்து ரூபாய்க்காக நாம் பறிக்கலாமா?

பெற்றோரை இரு தோள்களிலும் நூறாண்டு சுமந்தாலும் அவர்க்குப் பட்ட கடன் தீராது என்று பகவான் புத்தர் அருளினார். இதனைக் கேட்டவுடன் நாம் பெருஞ்சுமையையே எண்ணுகிறோம். ஆயின் ஒன்று கருதத்தக்கது. தோளில் சுமப்பவன் தன் நடையில் நடக்கிறான். உடன் நடப்பவனோ அவர் நடையில் நடக்க வேண்டும். உணவும் மருந்தும் கொடுப்பது சுமத்தலைப் போன்றது. அதில் வேகமும் வழியும் நம்முடையவை. கடைத்தெருவில் அவரருகே நிற்பது உடன் நடத்தல். சுமத்தலினும் அதுவே அரிது. அதில் விட்டுக்கொடுக்க வேண்டுவது நம் விருப்பத்தை.

இங்கே ஒரு தடை எழக்கூடும். “முதியோர் செய்வதெல்லாம் நியாயமாமோ? அவர் பரிமாறும் பையனை வைதால் அதையும் பொறுப்பதா?” என்று சிலர் வினவுவர். பொறுத்தல் வேண்டா. பெற்றோரைக் கீழ்த்திசையாக வைத்துப் போற்றச் சொன்ன அதே சூத்திரம், ஊழியரையும் ஒரு திசையாக வைத்துப் போற்றச் சொல்கிறது. அவ்விளைஞனும் தன் பெற்றோரை விட்டுப் பிழைப்புக்கு வந்தவனாயிருக்கலாம். தந்தையின் தாமதத்தைப் பொறுப்பது கடமை. பிறர்க்கு அவர் இழைக்கும் அவமதிப்பைத் தடுப்பதும் கடமை. அதனைப் பலர் முன் கடிந்து உரைக்காமல், “தம்பி, ஐயா சொன்னதை மனத்தில் வைக்காதே” என்று அவனிடம் ஒரு சொல்லும், வீடு திரும்பியபின் தந்தையிடம் தணிந்த குரலில் ஒரு சொல்லும் கூறலாம்.

மேலும், பேசாதிருப்பதெல்லாம் பொறுமையன்று. அருகில் நின்று கைப்பேசியை நோக்கிக்கொண்டிருப்பவன் சினங்கொள்வதில்லை. அவன் அங்கே இருப்பதுமில்லை. உபேட்சையின் வேடம் பூண்டு வரும் அலட்சியம் அது. மற்றொன்றும் கூறவேண்டும். மாதம் ஒருமுறை உணவுச்சாலைக்கு அழைத்துச் செல்லும் மகனை ஊர் புகழ்கிறது. நாள்தோறும் மூன்று வேளையும் “உப்பில்லை” என்பதைக் கேட்கும் மருமகளையும் மகளையும் யாரும் புகழ்வதில்லை. பொறுமையைப் போதிக்கும் ஆடவர் முதலில் அச்சுமையில் பங்கு கொள்வாராக. களைத்தவரிடம் பொறுமையை வேண்டுவது வற்றிய கிணற்றில் நீர் இறைப்பதாகும்.

செய்யத்தக்கவை எளியன. கூட்டமில்லா வேளையில் செல்க. கழிப்பிடமும் சாய்ந்து அமர இடமும் உண்டா என்று முன்னரே அறிக. விலைப்பட்டியலை முழுதும் படித்துத் திணறடிக்காமல், அவர்க்கு ஏற்ற இரண்டு மூன்றைச் சொல்லித் தேர்வை அவரிடமே விடுக. அவர் கையில் சிறிது பணம் இருக்கட்டும். ஒரு பொருளுக்காவது அவரே விலை கொடுக்கட்டும். கடைக்காரர் நம்மைக் கேட்டால், “அம்மாவையே கேளுங்கள்” என்போம். இவ்விரண்டு சொற்களில் மரியாதையும் அன்பும் நன்றியும் அடங்கியுள்ளன. அவர் காயைப் புரட்டிப் பார்த்து, விலை பேசி, வேண்டியதை எடுத்துப் பையில் இடும்வரை நாம் பையை விரித்துப் பிடித்து நிற்போமாக.